வீட்டில் கட்டிய ஹாட் ராட்: கடைசி போல்ட்டிலிருந்து முதல் 800 கிலோமீட்டர் வரை

ஹாட் ராட் என்றால் பழைய கார் ஒன்றை எடுத்து, வேறு எஞ்சினும் பாகங்களும் போட்டு வேகத்துக்காகத் திருத்திக் கட்டிய வண்டி; சுருக்கமாக ராட். அப்படி ஒன்றில் எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. கதவு சரியாக மூடுகிறது. தற்காலிகமாகவாவது ஒரு சீட் மாட்டியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்ற நிலை. இங்கே வந்துசேர்வதற்குச் சிலருக்கு மூன்று வருடம், சிலருக்குப் பத்து வருடம் ஆகியிருக்கும். "இனி பெயின்ட் அடித்துவிட்டால் வேலை முடிந்தது" என்று மனசு சொல்லும். அந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க ஆசைப்படுகிறேன்.

தொழிற்சாலைக் கார் ஒன்று விற்பனைக்கு வரும் முன்பே, அதே மாடலில் பல வண்டிகளை ஓட்டி ஓட்டிக் குறை கண்டுபிடித்துத் திருத்தியிருப்பார்கள். உங்கள் வண்டி உலகத்திலேயே ஒன்றுதான். 1932 ஃபோர்டின் சேசிஸ், இன்னொரு கம்பெனியின் வி8 எஞ்சின், மூன்றாவதாக ஏதோ ஒரு வண்டியின் பின் ஆக்சில், நீங்களே வெல்டு வைத்த பிராக்கெட்டுகள். இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மீட்டர்கூட ஓடியதில்லை. அந்தச் சோதனையைச் செய்யவும் உங்களை விட்டால் ஆள் இல்லை. ஆகவே ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதையும் கட்டும் வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் தெரியும் குறையைச் சரிசெய்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். கீழே வரும் வரிசை முழுக்க இந்த ஒரே எண்ணத்தில் அமைந்தது.

பெயின்ட்டுக்கு முன்னால் ரோடு

வண்டியை வெறும் பிரைமரிலேயே ஓட்டிப் பாருங்கள். துரு பிடிக்காமல் இருக்க எபாக்சி பிரைமர் போதும். முதல் சில நூறு கிலோமீட்டரில் கட்டாயம் ஏதாவது மாறும்: சைலன்சர் குழாய் தரையில் இடிக்கும், பின் டயர் மட்கார்டின் உள்விளிம்பில் உரசும், ரேடியேட்டருக்கு இன்னொரு தாங்கி தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் வெல்டிங், கிரைண்டிங், துளை போடுதல் என்று வேலை வரும். பளபளக்கும் பெயின்ட் மேல் இந்த வேலையைச் செய்ய யாருக்கும் கை வராது. கை வராததால், "பரவாயில்லை, இப்படியே இருக்கட்டும்" என்று குறையை விட்டுவிடுவோம். அதுதான் உண்மையான ஆபத்து.

குஷன் வேலையும் பிறகுதான். ஆனால் சீட்டும் சீட் பெல்ட்டும் முதல் நாளிலிருந்தே முழுசாக வேண்டும். பெல்ட்டின் பிடிமானம் சேசிஸிலோ, அடியில் கனமான தகடு வைத்த இடத்திலோ இருக்கட்டும். மெல்லிய தரைத் தகட்டில் ஒரு வாஷரோடு மாட்டிய பெல்ட் விபத்தில் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

பதிவும் இன்சூரன்சும் கைக்கு வரும்வரை பொது ரோட்டுக்குப் போகாதீர்கள். அதுவரை செய்யக்கூடிய வேலையே நிறைய இருக்கிறது.

ஒரு நோட்டு, ஒரு பெயின்ட் மார்க்கர்

கட்டும் காலத்தில் எத்தனையோ போல்ட்டுகளை "இப்போதைக்கு" என்று விரலால் மட்டும் முறுக்கி வைத்திருப்போம். அளவு பார்க்க ஒருமுறை, கழற்றி மாட்ட ஒருமுறை, அப்புறம் மறதி. இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து மஞ்சள் பெயின்ட் மார்க்கர். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுகியது என்று காட்டும் ஸ்பேனர்) வைத்துச் சரியான அளவுக்கு முறுக்கியதும், நட்டின் மேல் தொடங்கி அடித்தகடு வரை ஒரு கோடு இழுங்கள். கோடு இல்லாத நட்டு முறுக்காத நட்டு. நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், கோடு நேராக இருப்பது நகரவில்லை; நடுவில் முறிந்து விலகியிருப்பது தளர்ந்திருக்கிறது. ஸ்பேனரைத் தொடாமலே பத்து நிமிடத்தில் முழு வண்டியையும் பார்த்துவிடலாம்.

என் வண்டியில் ஸ்டியரிங் ஷாஃப்டை ஸ்டியரிங் பெட்டியோடு இணைக்கும் ஜாயின்டின் பூட்டுத் திருகை முறுக்கிவிட்டேன் என்று சத்தியமே செய்திருப்பேன். கோடு போடக் கையை விட்டபோது அது விரலோடு சுழன்றது. அன்றிலிருந்து ஞாபகத்தை நம்புவதை விட்டுவிட்டு, கோட்டை மட்டுமே நம்புகிறேன்.

முன் இடது சக்கரத்தில் தொடங்கி ஒரே திசையில் வண்டியைச் சுற்றி வாருங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால், ஸ்பேனரை அந்த போல்ட்டின் மேலேயே விட்டுவிட்டுப் போங்கள். நைலான் வளையம் வைத்த லாக் நட்டைக் கழற்றினால், திரும்ப மாட்டும்போது புதியது போடுவது நல்லது. காட்டர் பின் (நட்டு கழலாமல் துளையில் செருகும் கம்பி) போடும் நட்டில் துளை நேருக்கு வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கக் கூடாது. வீல் பேரிங் நட்டுக்கு மட்டும் இது பொருந்தாது. அதற்குத் தளர்த்துவதுதான் முறை.

நோட்டில் தேதி, கிலோமீட்டர், என்ன செய்தேன், என்ன பார்த்தேன் என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டைமிங்கையும் கார்புரேட்டரையும் ஒரே மாலையில் மாற்றினால், வண்டி நன்றாக ஓடினாலும் எதனால் என்று தெரியாது, கெட்டுப்போனாலும் தெரியாது.

பிரேக்: இதற்கு மட்டும் ஒரு முழு நாள்

1932 ஃபோர்டில் ராடு இழுத்து வேலை செய்யும் மெக்கானிக்கல் பிரேக்தான் இருந்தது. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939 மாடலில். அதனால்தான் பழைய ராட் கட்டியவர்கள் 1939-இலும் அதற்குப் பிறகும் வந்த பிரேக்கைத் தேடிப் பிடித்துப் பழைய ஆக்சிலில் மாட்டினார்கள். வேகத்தைக் கூட்டியவர்களுக்கு நிறுத்துவதும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

முதலில் பெடலின் விகிதத்தை அளந்து பாருங்கள். பெடல் சுழலும் அச்சிலிருந்து கால் வைக்கும் இடம் வரை உள்ள நீளத்தை, அதே அச்சிலிருந்து புஷ் ராட் மாட்டிய இடம் வரை உள்ள நீளத்தால் வகுக்க வேண்டும். பூஸ்டர் (காலின் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) இல்லாத பிரேக்குக்குச் சுமார் 6-க்கு 1, பூஸ்டர் இருந்தால் சுமார் 4-க்கு 1. விகிதம் குறைவாக இருந்தால் எவ்வளவு நல்ல டிஸ்க் போட்டாலும் பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

ஹாட் ராட்களில், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் தரைக்கு அடியில், சேசிஸோடு ஒட்டி இருக்கும். அதாவது வீல் பிரேக்கைவிடத் தாழ்வாக. அப்போது ஆயில் மெல்லத் திரும்பி மாஸ்டருக்கே வடிந்துவிடும். முதல் மிதி உள்ளே போய்விடும், இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். டிஸ்க் பிரேக் லைனில் 2 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), டிரம் பிரேக் லைனில் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் சின்ன வால்வு ஒன்றைப் போட்டால் இது தீரும். டிரம்முக்கான சில மாஸ்டர்களுக்குள் இந்த வால்வு ஏற்கெனவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

புஷ் ராடுக்கும் மாஸ்டரின் பிஸ்டனுக்கும் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் அட்ஜஸ்ட் செய்தால், உள்ளே ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். வண்டி நின்ற இடத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். ஐந்து கிலோமீட்டர் ஓடி ஆயில் சூடாகி விரிந்ததும் பிரேக் தானாகவே பிடிக்கத் தொடங்கி, கடைசியில் சக்கரம் இறுகிவிடும். ரோட்டில் நின்றுபோன புதிய ராட்களில் இந்தக் கதை அடிக்கடி வரும்.

காற்று எடுக்கும்போது மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்தில் முடியுங்கள். எவ்வளவு எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரியே இருந்தால், டிஸ்கைப் பிடிக்கும் காலிப்பரைப் பாருங்கள். காற்று எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலப்பக்கம் மாற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று உள்ளே மேல்பகுதியில் மாட்டிக்கொள்ளும். லிட்டர் கணக்கில் ஆயில் ஊற்றினாலும் வராது. பிரேக் ஆயில் வகைகளில் டாட் 3, டாட் 4 இரண்டும் கலந்தால் பாதகமில்லை. டாட் 5 சிலிக்கான் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 3-உம் 4-உம் பெயின்ட்டை உரித்துவிடும் என்பது, பெயின்ட்டைப் பிறகு வைத்துக்கொள்ள இன்னொரு காரணம்.

கடைசியாக, ஒருவர் உட்கார்ந்து காலால் முடிந்தமட்டும் அழுத்தி ஒரு நிமிடம் பிடிக்கட்டும். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டரின் சீல் போய்விட்டது. அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கு வண்டி வெளியே வராது. ஹேண்ட் பிரேக்கும் சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

ஸ்டியரிங்கும் முன்பக்கமும்

வண்டியைத் தூக்கி முன்சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை திருப்புங்கள். பிறகு சக்கரத்தை ஜாக்கியால் மேலே தள்ளி மறுபடி அதையே செய்யுங்கள். டயர், பிரேக் ஹோஸ், ராடு எதுவும் எதிலும் படக் கூடாது. என் வண்டியில் சாதாரண நிலையில் எல்லாம் விலகித்தான் இருந்தது. சக்கரம் முழுசாகத் தொங்கி, ஸ்டியரிங்கும் முழு இடது பக்கம் போனால் மட்டும் பிரேக் ஹோஸ் டயரின் பக்கவாட்டைத் தொட்டது. ஹோஸின் ரப்பரில் நகக்கண் அளவுக்கு ஒரு பளபளப்பு, அவ்வளவுதான் அடையாளம். பிராக்கெட்டை இரண்டு விரல்கடை பின்னால் நகர்த்தியதும் சரியானது. பார்க்காமல் விட்டிருந்தால் ஏதோ ஒரு மேட்டில், ஒரு திருப்பத்தில் ஹோஸ் அறுந்திருக்கும்.

இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே தண்டில் தாங்கும் நேரான முன் ஆக்சிலுக்கு காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) 5 முதல் 7 டிகிரி வரை வைப்பது வழக்கம். டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு, ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர். டோ-இன்னை வீட்டிலேயே அளக்கலாம்: டயரின் நடுவில் சாக்பீஸ் தேய்த்து, சக்கரத்தைச் சுழற்றி ஆணியால் மெல்லிய கோடு இழுத்து, இரண்டு கோடுகளுக்கும் இடையே முன்னாலும் பின்னாலும் டேப் பிடித்து வித்தியாசம் பாருங்கள். ஸ்டியரிங் பெட்டி அதன் நடு நிலையில் இருக்கும்போது சக்கரங்களும் நேராக இருக்க வேண்டும். பெட்டி ஒரு பக்கம் தள்ளி இருந்து, இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடால் சக்கரத்தை நேராக்கியிருந்தால், நேர் ரோட்டில் எப்போதும் சின்ன ஆட்டம் இருந்துகொண்டே இருக்கும்.

ஸ்டியரிங் ஷாஃப்டில் மூன்று ஜாயின்ட் இருந்தால் நடுவில் ஒரு தாங்கி பேரிங் அவசியம். பூட்டுத் திருகு உட்காரும் இடத்தில் ஷாஃப்டில் சிறு குழி போட்டு, திருகுக்குப் பசை வைத்து, மேலே லாக் நட்டும் போடுங்கள்.

ஒயரிங்: எர்த் சரியாக இருந்தால் பாதி வியாதி வராது

பாட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒரு கனமான கேபிள், எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு ஒன்று, சேசிஸிலிருந்து பாடிக்கு ஒன்று. ஃபைபர்கிளாஸ் பாடி என்றால் பாடி வழியாக கரன்ட் திரும்பி வரவே வழியில்லை. ஒவ்வொரு விளக்குக்கும், மீட்டருக்கும் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். ஸ்டார்ட்டரைச் சுற்ற வைத்து, பாட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும்.

தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு ஒயருக்கும் ரப்பர் வளையம் போடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால், பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே ஸ்டார்ட் ஆகும் சுவிட்சை விட்டுவிடாதீர்கள். கை எட்டும் தூரத்தில் பாட்டரியைத் துண்டிக்கும் ஒரு சுவிட்ச் இருக்கட்டும்.

பெட்ரோல் லைன் சைலன்சர் குழாயிலிருந்து விலகி ஓடட்டும். எலக்ட்ரிக் பம்ப் இருந்தால், மோதலில் தானாக நிறுத்தும் இனர்ஷியா சுவிட்சும் சேர்த்து மாட்டுங்கள். கார்புரேட்டருக்கான ஹோஸ் வேறு, இன்ஜெக்ஷனின் அதிக அழுத்தத்துக்கான ஹோஸ் வேறு. டேங்கில் காற்று உள்ளே வரும் வழி அடைபட்டிருந்தால் வண்டி பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும். தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்ட வேண்டும், டிக்கியில் கிடந்தால் உதவாது.

முதல் ஸ்டார்ட்

இங்கே அவசரம் வேண்டாம். சிறிய பிளாக் செவ்ரோலே வி8 மாதிரி, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஆயில் பம்ப் சுற்றும் எஞ்சினில், டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு டிரில் மெஷினில் ஒரு ராடு மாட்டி பம்பைச் சுற்றுங்கள். மேலிருந்து பார்க்கக் கடிகார முள் திசையில். டிரில் திடீரென்று கனக்கும். ஆயில் மீட்டரின் முள் எழும்பும். ஒவ்வொரு ராக்கரிலும் ஆயில் கசிந்து வரும்வரை, நடுநடுவே எஞ்சினைக் கையால் கொஞ்சம் திருப்பிக்கொண்டே சுற்றுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப மாட்டும்போது, முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வந்திருக்கிறதா என்று பிளக் துளையில் விரல் வைத்து உறுதி செய்யுங்கள். புல்லியில் உள்ள குறி இரண்டு சுற்றுக்கும் ஒரே இடத்தில்தான் வரும். தவறான சுற்றில் மாட்டினால் கார்புரேட்டர் வழியாக நெருப்பு எழும்பும். அந்த எஞ்சினின் ஃபயரிங் வரிசை 1-8-4-3-6-5-7-2. பிளக் ஒயர்களை இரண்டு முறை சரிபாருங்கள்.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும், அதன் மேல் உட்காரும் டேப்பட்டும் எந்த வகை என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ரோலர் டேப்பட் என்றால் தனிப் பழக்கம் தேவையில்லை. தட்டை டேப்பட் வைத்த புதிய கேம் என்றால், எஞ்சின் பிடித்த நொடியிலிருந்தே 2000 முதல் 2500 ஆர்.பி.எம்.-இல், கொஞ்சம் ஏற்றி இறக்கி, 20 முதல் 30 நிமிடம் ஓட வேண்டும். ஐட்லிங்கில் விடக் கூடாது. கேமுக்கும் டேப்பட்டுக்கும் கீழே சுழலும் கிராங்கிலிருந்து தெறிக்கும் ஆயில்தான் ஆதாரம். வேகம் குறைந்தால் தெறிப்பது குறையும், கேமின் மூக்கு தேய்ந்துவிடும். ஜிங்க் அதிகமுள்ள பிரேக்-இன் ஆயிலே போடுங்கள். இந்த அரைமணி நேரம் தடங்கல் இல்லாமல் போக வேண்டும் என்பதால்தான் கூலன்ட், பெட்ரோல், டைமிங் எல்லாம் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். கார்புரேட்டரின் கிண்ணத்தையும் முன்பே பெட்ரோலால் நிரப்பிவிட்டால், ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்காது.

ஆயில் அழுத்தம் சில நொடிகளில் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். எஞ்சின் சூடான பிறகு, 1000 ஆர்.பி.எம்.-க்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கணக்கு. சாதாரண வி8-க்கு இன்றும் பொருந்தும். அரைமணி முடிந்ததும் ஆயிலை வடித்து ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மெல்லிய மினுமினுப்பு புதிய எஞ்சினில் இயல்பு. காந்தத்தில் ஒட்டும் துகள் வந்தால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

அப்புறம் டைமிங் லைட். வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐட்லிங்கில் 10 முதல் 12 டிகிரி, 3000 ஆர்.பி.எம்.-ஐ ஒட்டி மொத்தம் 34 முதல் 36 டிகிரி என்பது சிறிய பிளாக் செவ்ரோலேவுக்கு நல்ல தொடக்கம்.

700ஆர்4 போன்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டி.வி. கேபிள் வெறும் கியர் மாறும் நேரத்துக்கானது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஆயில் அழுத்தத்தையே அது தீர்மானிக்கிறது. கேபிள் தளர்வாக இருந்தால், முதல் சில கிலோமீட்டரிலேயே உள்ளே இருக்கும் கிளட்ச்சுகள் கருகிவிடும். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் கேபிளும் முழுசாக இழுபட வேண்டும்.

வீட்டு வாசலுக்குள்ளேயே

பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஸ்டாண்ட் ஆக்சில் குழாயின் அடியில் இருக்க வேண்டும், சேசிஸுக்கு அடியில் வேண்டாம். ஆக்சில் தொங்கினால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் பிராப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறிவிடும். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, கியர் போட்டு மெதுவாகச் சுற்றவிடுங்கள். கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்டும் பின் ஆக்சிலின் பினியன் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜாயின்டிலும் 1 முதல் 3 டிகிரி கோணம் போதும். கோணமே இல்லாவிட்டாலும் தவறு: உள்ளே இருக்கும் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் தேயும். ஷாஃப்டின் முன்முனை கியர்பாக்ஸுக்குள் இன்னும் 20 முதல் 25 மில்லிமீட்டர் போக இடம் இருக்கட்டும்.

பிறகு கீழே இறக்கி, நடக்கும் வேகத்தில் முன்னும் பின்னும். ஒவ்வொரு முறையும் பிரேக். இரண்டு பக்கமும் முழுத் திருப்பம். இதை இருபது முறை செய்யுங்கள். சலிப்பாக இருக்கும்; ஆனாலும் செய்யுங்கள்.

ராத்திரி வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து, சக்கரங்கள் நிற்கும் இடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அட்டையே வரைபடம். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். பச்சையோ ஆரஞ்சோ இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். கந்தக நாற்றத்தோடு தடிப்பாக இருப்பது டிஃபரென்ஷியல் ஆயில். நிறமில்லாமல் வழவழப்பாக, சக்கரத்துக்கு நேர் கீழே இருந்தால் பிரேக் ஆயில். அது ஒரு சொட்டாக இருந்தாலும் மற்ற எல்லா வேலையையும் நிறுத்துங்கள்.

ரோடு: 1, 10, 50

முதல் ஓட்டம் ஒரே ஒரு கிலோமீட்டர். பகல் வெளிச்சம், காய்ந்த ரோடு, நெரிசல் இல்லாத நேரம். பின்னால் இன்னொரு வண்டியில் ஒரு நண்பர் வரட்டும். உங்கள் வண்டியிலிருந்து சொட்டுவதும், சக்கரம் ஆடுவதும், புகையும் அவர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். ரேடியோவும் பேச்சும் வேண்டாம். ஸ்பேனர் செட், டார்ச், கம்பி, டேப், தண்ணீர், தடித்த கையுறை கூட வரட்டும். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் போய்த் திரும்புங்கள்.

வந்ததும் நான்கு சக்கர மையங்களின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். இடமும் வலமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால், அங்கே பிரேக் உரசுகிறது, அல்லது பேரிங் இறுக்கமாக இருக்கிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். 15 பி.எஸ்.ஐ. மூடி, கூலன்ட் கொதிக்கும் நிலையைச் சுமார் 25 டிகிரி செல்சியஸ் உயர்த்தி வைத்திருக்கிறது. திறந்த நொடியில் மொத்தமும் ஆவியாகப் பீறிடும்.

இரண்டாவது ஓட்டம் பத்து கிலோமீட்டர், 60 கிலோமீட்டர் வேகம் வரை. இதில் பிரேக் பேடைப் பழக்குங்கள்: 50-லிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுசாக நிற்காமல் மறுபடி வேகம் எடுத்து, எட்டுப் பத்து முறை. பிறகு பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். ஆறிய பிறகு, ஆளில்லாத அகலமான இடத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள். நண்பர் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்கட்டும். முன்சக்கரங்கள்தான் முதலில் இறுக வேண்டும். பின்சக்கரங்கள் முந்தினால் வண்டி சுழன்றுவிடும். பின்பக்க லைனில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் புரொபோர்ஷனிங் வால்வைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ராட்களில் பின்பக்கம் எடை குறைவு, பின் டயரோ அகலம். எனவே வேறு வண்டியிலிருந்து எடுத்த வால்வு அப்படியே பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

மூன்றாவது ஓட்டம் ஐம்பது கிலோமீட்டர். இதில் நெரிசலும் வேண்டும், திறந்த ரோடும் வேண்டும். 80, அப்புறம் 100 என்று வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். பிஸ்டன் ரிங் உட்கார, ஒரே வேகத்தில் ஓட்டாமல், பாதி ஆக்சிலரேட்டரில் ஏற்றி, காலை எடுத்து எஞ்சினாலேயே வேகம் குறையவிட்டு, மறுபடி ஏற்றி ஓட்டுங்கள். பின் ஆக்சிலில் கிரவுனும் பினியனும் புதியதாக இருந்தால் முதல் 25 கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, முழுசாக ஆறவிட்டு, அப்புறம் தொடருங்கள். அலாய் வீல்களின் நட்டை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள்; புதிய வீல் உட்கார்ந்து அமையும்போது நட்டு தளர்வது இயல்பு.

வண்டி சொல்வதைக் கேட்பது

சூடு ஏறுகிறதா? எப்போது ஏறுகிறது என்பதுதான் முக்கியம். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்று போதவில்லை: ஃபேன், ஃபேனைச் சுற்றிய கூண்டு, அல்லது ரிலே. ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் சிறியது, கீழ் ஹோஸ் உறிஞ்சலில் தட்டையாகிறது, அல்லது டைமிங் பின்தங்கி இருக்கிறது. புதிய எஞ்சினில் முதல் சில ஓட்டங்களில் சூடு குதித்தால், உள்ளே காற்று மாட்டியிருக்கலாம். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து மறுபடி நிரப்புங்கள்.

அதிர்வு வந்தால், அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுங்கள். எஞ்சின் வேகம் விழுந்தும் அதிர்வு அப்படியே இருந்தால் டயர், வீல், பிராப்பல்லர் ஷாஃப்ட் பக்கம் தேடுங்கள். எஞ்சின் வேகத்தோடு போய்விட்டால் எஞ்சின் டேம்பர், ஃபிளைவீல், எஞ்சின் மவுன்ட் பக்கம். வேகம் எடுக்கும்போது மட்டும் வந்தால் பினியன் கோணம்.

நேர் ஆக்சில் வண்டியில் ஒரு குழியைத் தாண்டியதும் முன்சக்கரங்கள் படபடவென்று ஆடத் தொடங்கினால், பிரேக்கை மெதுவாகப் பிடித்து ஓரம் நிறுத்துங்கள். ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பரை மாட்டிக் குறையை மறைக்காதீர்கள். டயர் பேலன்ஸ், கிங் பின் (சக்கரம் திரும்பும் ஆணி) ஆட்டம், வீல் பேரிங், டை ராட் முனைகள், காஸ்டர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பக்கவாட்டு ஸ்டியரிங் ராடு இருக்கும் வண்டியில், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு இல்லாமலும் இது வரும்.

டயர் அழுத்தத்தைப் பெரிய காருக்கு உள்ள கணக்கில் வைக்க வேண்டாம். எடை குறைந்த ராடுக்கு 24 முதல் 28 பி.எஸ்.ஐ. பெரும்பாலும் சரியாக இருக்கும். டயரின் குறுக்கே சாக்பீஸால் தேய்த்து, நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு.

வண்டிக்குள் புகை வாடையோ தலைவலியோ வந்தால் அந்த ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தீச்சுவரில் விட்டுப்போன ஒவ்வொரு துளையும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வர வழி. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

800 கிலோமீட்டருக்குப் பிறகு

மூன்றாவது ஓட்டத்துக்குப் பிறகும் இப்படியே ஓட்டி 800 கிலோமீட்டர் எட்டியதும், எஞ்சின் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில் இரண்டையும் மாற்றுங்கள். ஃபில்டரை மறுபடி வெட்டிப் பாருங்கள். மஞ்சள் கோடுகளை மறுபடி சுற்றிவந்து பாருங்கள். ஜி.பி.எஸ். வைத்து ஸ்பீடோமீட்டரைச் சரிபாருங்கள். டயரும் ஆக்சில் விகிதமும் மாறிய வண்டியில் அது உண்மை சொல்வது அபூர்வம். நோட்டில் கடைசி நூறு கிலோமீட்டருக்குப் புதிய குறை எதுவும் எழுதவில்லையென்றால், இப்போது பெயின்ட்டுக்காகக் கழற்றலாம்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். ஷிம்கள் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடுகள்) எந்த இடத்தில் எத்தனை இருந்தன என்று பையில் போட்டு எழுதிவையுங்கள். பெயின்ட்டும் பவுடர் கோட்டிங்கும் முடிந்து வந்ததும், எர்த் ஒயர் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும், போல்ட் தலை அழுத்தும் இடங்களிலும் பூச்சைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியவையுங்கள். தடித்த பூச்சின் மேல் முறுக்கிய போல்ட், பூச்சு நசுங்க நசுங்கத் தளர்ந்துகொண்டே வரும். பிறகு புதிய லாக் நட்டுகள், புதிய காட்டர் பின்கள், புதிய மஞ்சள் கோடுகள். பிரேக்குக்கு மறுபடி அந்த ஒரு நிமிட அழுத்தம். அது தேறியதும், மறுபடி முதல் ஒரு கிலோமீட்டரிலிருந்து ஓட்டத் தொடங்குங்கள்.